ஆல்டோ பிடித்த ரே

வடகரப்பதி
2025 பிப்ரவரி 9, ஞாயிறு

கர்த்தருக்குள் தம்பி ஏசுரத்தினத்துக்கு,

உன் அக்கா சிசிலி எழுதுவது. மேலே "அன்பான" என்ற சொல் இல்லாதது மறதியால் அல்ல.

உன் நம்பருக்கு என் போனில் போட்ட தடையை எடுக்கச் சொல்லி என் மகன் பிஜுவிடம் கேட்டாயாம். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நீ சத்தத்தை ஏற்றுவாய், நான் அதற்கும் மேலே ஏற்றுவேன். காகிதத்தில் இரண்டு பேரும் ஒரே சத்தத்தில்தான் பேசியாக வேண்டும்.

அந்தப் பண்டிகையில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. அது என் மனதில் எப்படி நிற்கிறது என்பதை ஒரு தடவை கேட்டுக்கொள். ஆறு வருடத்துக்கு முன், சின்னக்கானல் கோவிலின் பிரதிஷ்டைப் பண்டிகை. ஆறு சரணம் உள்ள பாமாலை. முதல் ஐந்து சரணத்தை மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலும் வாத்தியம் இல்லாமல் பாடுவது, ஆறாவதில் நீ ஆர்கனைத் திறப்பது என்று ஏற்பாடு. பாடகர் குழுவுக்கு நீ தலைவர், எனக்கு ஆல்டோ. ஐந்து சரணமும் பாடினோம். நீ ஆர்கனைத் திறந்தாய். ஆர்கன் ஒரு கட்டையில், நாங்கள் அதற்குக் கீழே இன்னொரு கட்டையில். அந்த அலங்கோலத்தை நினைத்தால் இப்போதும் என் பல் கூசுகிறது. சபை சிரித்தது. ஆயரம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அது போகட்டும். பிறகு அசனப் பந்தியில், முந்நூறு பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கையில், கரண்டியும் கையுமாக நின்று நீ என்ன சொன்னாய்?

"ஆர்கன் மேல ஒரு குத்தமும் இல்ல. எங்க அக்காதான் இறக்கிட்டா. வயசாகுதுல்லா!"

இலையில் சோறு அப்படியே கிடக்க நான் எழுந்தேன். உன் வீட்டில் இருந்த என் பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்று சாயங்கால ஜீப்பில் இறங்கினேன். எஸ்டேட் ஜீப் டிரைவர்கள் இறக்கத்தில் சின்ன கியர் போடுவதற்கு "சிசிலி கியர்" என்று பெயர் வைத்திருப்பதாக மறு வருடம் ஒருவர் சொன்னார். என்னிடமே, சிரித்துக்கொண்டு சொன்னார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொழிஞ்சாம்பாறையில் ஒரு பஜனைக் குழு பழைய ஆர்மோனியம் ஒன்றை விற்றது. பிஜு வாங்கித் தந்தான். அதைத் திறந்து, உள்ளே ஒலிக்கிற பித்தளை நாக்குகளான ரீடுகளைப் பிளேடால் நானே சுரண்டிச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டேன். நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். யாரும் சொல்லித் தரவில்லை. ஏழெட்டு ரீடு கெட்டுப்போன பிறகு கை தானாகப் படிந்தது. போனில் சுருதி பார்க்கிற ஒரு செயலி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை அது நூறு பங்காகப் பிரித்துக் காட்டும். அதையும் காதையும் வைத்துக்கொண்டு, மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கிற கார்டுகளை ஒவ்வொன்றாக அளந்தேன்.

இரண்டு ரீடு சேர்ந்து ஒலிக்கையில் சத்தம் விம்மி விம்மி வரும். விம்மல் நின்றால் அந்தச் சேர்க்கை சுத்தம். அப்படி, பஜனைக்காரர்கள் ச-க-ப என்பார்களே, அந்த டோ-மி-சோவைச் சுத்தம் செய்தேன், ஃபா-லா-டோ, சோ-டீ-ரே இரண்டையும் செய்தேன். தேன் மாதிரி நின்றன. அதே ஸ்கேலில் ரே-ஃபா-லாவை அமுக்கினால் நாய் குரைக்கிறது. அதைச் சுத்தம் செய்ய ரேயைக் கொஞ்சம் இறக்கினேன். உடனே சோ-டீ-ரே குரைத்தது. ரேயில் தொடங்கும் ஸ்கேலாக மாற்றி வைத்துப் பார்த்தேன், லாவில் தொடங்கும் ஸ்கேலாகவும் பார்த்தேன். எந்த ஸ்கேலிலும் ஒரு கார்டு அழுக்காகவே மிஞ்சுகிறது. இங்கே துடைத்தால் அழுக்கு அங்கே போய் உட்காருகிறது.

பக்கத்து வீட்டு சித்ரா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏனுங்கம்மா, பாட்டு எப்பங்க வரும்? ஒரு வருசமா சுருதியேதான் பாத்துட்டு இருக்கறீங்க?" என்று கேட்டாள். வரும் என்றேன்.

கண்டுபிடித்தது இதுதான். அந்த ஸ்கேலுக்கு ஒரு ரே போதாது. இரண்டு ரே வேண்டும். லாவோடு சேர்கிற ரே கீழே இருக்கிறது, சோவோடு சேர்கிற ரே அதற்கு இருபத்தொன்றரை, சொல்ல வசதிக்கு இருபத்திரண்டு பங்கு மேலே இருக்கிறது. நம் பாமாலையில் மூன்றாம் வரியில் அந்த இரண்டு கார்டும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டிலும் ரே பாடுவது ஆல்டோ. அதாவது நான். முதல் கார்டுக்குக் கீழ் ரேயும் அடுத்ததற்கு மேல் ரேயும் கொடுத்தவள் நான். இது என் காதுக்குத் தெரியும். நான் சரியாக நின்றேன். இறங்கியது வேறு யாரோ.

இந்த வருடப் பண்டிகையில், அதே பந்தியில், அதே மாதிரிக் கரண்டியோடு நின்று, "அக்கா இறக்கவில்லை" என்று நீ சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சிசிலி

*

சின்னக்கானல்
பிப்ரவரி 20

கர்த்தருக்குள் அன்பான, அன்பான அக்காவுக்கு,

இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஒன்று உன் பங்குக்கு.

உன் கடிதத்தை மூன்று ஆள் கூட்டி வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய டோ-ரே-மி சோல்ஃபா அட்டையைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சேர்ந்துதானே படித்தோம்? அதில் ஒரு ரேதானே இருந்தது? இப்போது எங்கிருந்து வந்தது இரண்டாவது ரே?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஆறாம் சரணத்துக்கு ஆர்கனைத் திறந்தபோது, படி இருக்கிறது என்று கால் வைத்த இடத்தில் படி இல்லை. கை அப்படியே கட்டையில் ஒட்டிக்கொண்டது. எடுக்கவும் முடியவில்லை, வாசிக்கவும் முடியவில்லை. அந்தத் திகைப்பில் இருந்தவன் பந்தியில் என்னத்தையோ உளறிவிட்டேன். சபை என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் வேறு யாரையாவது பார்த்துச் சிரிக்கட்டும் என்று தோன்றியது போல. அக்கா என்றால் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நீ பொறுத்துக்கொள்கிறவள் இல்லை என்பது எனக்கு அறுபது வருடமாகத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

இங்கே எல்லாம் மாறிவிட்டது. பெடல் ஆர்கனைக் கரையான் தின்றுவிட்டது. சபையார் கீபோர்டு வாங்கித் தந்திருக்கிறார்கள். அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு அமுக்கு அமுக்கினால் எல்லாக் கட்டையும் மொத்தமாக ஒரு கட்டை கீழே இறங்கிவிடும், விரலை மாற்ற வேண்டியதில்லை. என் குரல் முன்போல மேலே போகாததால் பல பாட்டுக்கு அதை அமுக்கித்தான் ஒப்பேற்றுகிறேன். ஆனை இறங்குவதால் நாலு மணிக்கே பயிற்சியை முடித்து வீட்டுக்கு ஓடுகிறோம். போன வாரம் ரேஷன் கடையின் கதவு போயிற்று.

ஆல்டோவில் இப்போது ரிஞ்சு என்ற பெண் நிற்கிறாள். ரிசார்ட்டில் வேலை. பாடுவாள். ஆனால் ஒரு சுரத்தில் ஊன்றி நிற்க மாட்டாள், வரப்பில் நடப்பவள் மாதிரி அசைந்துகொண்டே இருப்பாள். பண்டிகை மே பதினொன்றாம் தேதி. அதே பாமாலைதான். நீ வந்து நில்லேன். பந்தியில் பழைய கதையைக் கிளறுவது எதற்கு?

ஒன்று சொல்ல மறந்தேன். ஜீப் ஓட்டுகிற மாரீஸ்வரன் அன்று அசனத்துக்கு வந்தவன், ஆல்டோ பக்கத்து ஜன்னலில் நின்று முழுப் பாட்டையும் போனில் படம் பிடித்திருக்கிறான். பழைய போனில் இன்னும் இருக்கிறதாம். அந்தக் கியருக்குப் பெயர் வைத்ததும் அவன்தான் என்பது உனக்குத் தெரியுமோ என்னவோ.

உன் தம்பி
ஏசுரத்தினம்

*

வடகரப்பதி
மார்ச் 2

தம்பிக்கு,

ஆறு வருடமாக ஒரு பதிவு இருந்திருக்கிறது. அதை "ஒன்று சொல்ல மறந்தேன்" என்று கடைசி வரியில் எழுதுகிறாய். கிணற்றடியில் நின்று அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வாசல் எல்லாம் தண்ணீர்.

உடனே அனுப்பு. போனில் வேண்டாம், போனில் அனுப்பினால் சத்தம் நசுங்கிவிடும் என்று பிஜு சொல்கிறான். பென்டிரைவில் போட்டுத் தபாலில் அனுப்பு. ஆல்டோ பக்கம் நின்று எடுத்தான் என்றால் என் குரல்தான் முன்னால் கேட்கும். நல்லதாகப் போயிற்று.

பொத்தானை அமுக்கிச் சுருதி இறக்குகிறவன், என்னை இறக்கினவள் என்றாயே, அதை நினைத்தேன். வேறொன்றும் எழுதவில்லை.

பழைய கதையைக் கிளறாதே என்கிறாய். உனக்குப் பழையது. உன் பெயரில் கியர் ஓடவில்லை. நான் தேயிலை பறித்ததை யாரும் நினைவு வைக்க வேண்டாம், பிள்ளைக்காப்பகத்தில் இரண்டு தலைமுறைக்கு மூக்குச் சிந்தித் துடைத்ததையும் நினைக்க வேண்டாம். நான் சுரத்தில் நிற்பேன் என்பதை மட்டும் அந்த மலையில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். சோப்ரானோ பிள்ளைகள் சுரம் தவறினால் என் பக்கம்தான் காதைத் திருப்புவார்கள். அதை ஒரு கரண்டிச் சாம்பாரோடு சேர்த்து நீ பந்தியில் ஊற்றிவிட்டாய்.

ஒரு வாக்குத் தருகிறேன், எழுதி வைத்துக்கொள். அந்தப் பதிவை அளந்து பார்ப்பேன். நான்தான் இறக்கினேன் என்று அது சொன்னால், பீடத்தின் முன் நின்று சபைக்கு நானே அதைச் சொல்வேன். உன்னைப் போல வயதின் மேல் பழி போட மாட்டேன்.

சிசிலி

*

சின்னக்கானல்
மார்ச் 30

அன்பான அக்கா,

இத்துடன் பென்டிரைவ் இருக்கிறது. தாமதத்துக்கு மாரீஸ்வரனைத்தான் திட்ட வேண்டும், போன் உடைந்து கிடந்தது. மூணாறில் ஒரு கடைக்காரன் அதைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். மாரீஸ்வரன் பயந்துபோய் இருக்கிறான். "எண்ணே, பெரியம்மா கேட்டா நான் வெளையாட்டுக்குச் சொன்னதுன்னு சொல்லிரும்," என்றான். "நீயே சொல்லுல" என்றேன்.

நான் இன்னும் கேட்கவில்லை. ஒரு பிரதி என்னிடமும் இருக்கிறது. மனசு வரவில்லை. அந்த ஆறாம் சரணத்தை இரண்டாவது தடவை கேட்க என் காதுக்குத் தெம்பு இல்லை.

நீ ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாய். நான் அதைக் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏசுரத்தினம்

*

வடகரப்பதி
ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

தம்பி,

முதலில் போன் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். சித்ராவின் போனை வாங்கி வந்தேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. பிறகு டி.வி. கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பென்டிரைவைப் பிடுங்கி பிஜுவின் கம்ப்யூட்டரில் செருகினேன். அதே எண்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

டி.வி. முன்னால் போனை வைத்து முதல் சரணத்தை ஓடவிட்டேன். மாரீஸ்வரன் என் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான். செயலியின் முள் என் குரலையே பிடித்துக்கொண்டு போனது. மூன்றாம் வரி வந்தது. சோப்ரானோ லாவில் நிற்கிறார்கள், அதற்குக் கீழே என் ரே. துளி விம்மல் இல்லை. ஆர்மோனியத்தில் ஒரு வாரம் சுரண்டினாலும் அப்படி ஒரு சேர்க்கை எனக்குக் கிடைத்ததில்லை. மருமகள் ஆர்த்தியைக் கூப்பிட்டு, "கேளு, இது நான், கேளு" என்றேன். பாவம், அவள் சீரியலை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

அடுத்த கார்டு. சோ-டீ-ரே. இங்கேதான் நான் இருபத்திரண்டு பங்கு ஏற வேண்டும். ஏறினேன் என்று உனக்கு எழுதினேன். என் காதுக்குத் தெரியும் என்று எழுதினேன்.

நான் ஏறவில்லை.

முள் அசையவே இல்லை, தம்பி. கீழ் ரேயைப் பிடித்தவள் பிடித்தபடியே நிற்கிறேன். பேஸ் ஆட்கள் பழைய சோவில் கால் வைக்கிறார்கள், ஒரு கணம் தடுமாறுகிறார்கள், பிறகு என்னிடம் இறங்கி வருகிறார்கள். டெனரும் வருகிறது. எல்லோரும் என் மேல் காதை வைத்து, என் ரேக்குத் தக்க சோவைத் தேடிப் பிடித்து, அந்த சோவுக்குத் தக்க டோவில் போய் உட்காருகிறார்கள். கார்டு சுத்தம். டோ மட்டும் தொடங்கிய இடத்துக்கு இருபத்திரண்டு பங்கு கீழே.

இரண்டாம் சரணம், அதே இடம், அதே மாதிரி. மூன்றாம் சரணம். நாலாம் சரணம். ஐந்து சரணம் முடிகையில் நூற்றேழு பங்கு. ஒரு முழுக் கட்டைக்கும் கொஞ்சம் அதிகம். அங்கே நீ ஆர்கனைத் திறக்கிறாய்.

எந்தக் கார்டை வேண்டுமானாலும் தனியாக நிறுத்திக் கேள், ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஏணியின் படி ஒவ்வொன்றும் நேராக இருக்கிறது, ஏணி மட்டும் தரைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கீழே இருந்து பிடித்து இழுத்தவள் நான்.

"ஏனுங்கத்தே, என்னாச்சுங்க? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சே?" என்றாள் ஆர்த்தி. "ஒண்ணுமில்ல, நான் சரியாத்தான் பாடியிருக்கேன்" என்றேன். அவளுக்கு அது நல்ல செய்தி மாதிரிக் கேட்டிருக்கும். டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஆடை படியும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரியாகப் பாடியதால் இறங்கியது. இதை எழுதிவிட்டுத் திரும்ப வாசிக்கிறேன். என் கையெழுத்துத்தான். ஆறு வருடமாக யாரோ ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன். டெனரில் ஒருத்தன் மேல் சந்தேகம் இருந்தது, அவன் பெயரை எழுதவில்லை, எழுதாததற்கு ஸ்தோத்திரம். பந்தியில் நீ சொன்னது உண்மை. எந்தக் காரணமும் தெரியாமல், உன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாய்க்கு வந்ததைச் சொன்னாய். அது போய் உண்மையாக இருக்கிறது. இதை நான் எப்படி விழுங்குவது?

கொடுத்த வாக்கு இருக்கிறது. மே பதினொன்றாம் தேதி வருகிறேன்.

சிசிலி

*

சின்னக்கானல்
ஏப்ரல் 14

அன்பான அக்கா,

இந்தக் கடிதத்தை நீ சிரித்துக்கொண்டே வாசிப்பாய். அதனால் இன்றைக்கே தபாலில் சேர்க்கிறேன்.

சனிக்கிழமை துணிந்து அந்தப் பதிவைக் கேட்டேன். கோவிலில் யாரும் இல்லை. ஸ்பீக்கரில் போட்டேன். முதல் சரணம் மூன்றாம் வரியில் உன் ரே வந்தது பார், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன்னைப் போல அளக்க எனக்குத் தெரியாது, ஆனால் காது இருக்கிறதே. இவ்வளவு சுத்தமாக நின்றவளையா இறக்கினாள் என்றோம்? அதற்கு மேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

நேற்று குருத்தோலைப் பவனி முடிந்ததும் ஆயரிடம் கேட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். "எங்க அக்கா மேல அன்னைக்கு நான் சொன்னது பொய். அவ இறக்கல. சபையார் என்னை மன்னிக்கணும்," என்றேன். பண்டிகைப் பந்தி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நீ கேட்டது பந்தியில்தான், தெரியும். பந்தியிலும் சொல்கிறேன், கரண்டியோடு.

சபை கைதட்டியது, அக்கா. கோவிலில் கைதட்டக் கூடாது என்று சொல்கிற ஆயரே தட்டினார். ஆயரம்மா அழுதார்கள். வெளியே மாரீஸ்வரன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். இனி எந்த டிரைவராவது அந்தக் கியரின் பெயரைச் சொன்னால் கண்ணாடியை உடைப்பேன் என்று சொல்லியிருக்கிறான்.

உன் வழக்கு ஜெயித்தது. வா.

ஏசு

*

சின்னக்கானல்
ஏப்ரல் 22

அக்கா,

உன் குருத்தோலை ஞாயிற்றுக் கடிதம் ஈஸ்டர் முடிந்து வந்தது. நான் எழுதியதும் உனக்குக் கிடைத்திருக்கும். நடுவழியில் இரண்டு கடிதமும் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன, ஒன்றில் நீ குற்றவாளி, இன்னொன்றில் நிரபராதி.

வாசித்ததும் கோவிலுக்குப் போனேன். பதிவை ஐந்தாம் சரணம் வரை கேட்டேன். கீபோர்டில் டோவை அமுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் ஒத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. படிப்படியாக இறங்குகிறது.

நேற்று இப்போதைய குழுவை வைத்து ஐந்து சரணமும் பாடவிட்டேன். ரிஞ்சு ஆல்டோ. தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது! நம்ப முடியாமல் இன்னொரு தடவை பாடவைத்தேன், அப்போதும் அப்படியே. "ரிஞ்சு, அந்த ரேயில என்ன பண்ணுத?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணல மாஸ்டரே, அடுத்த கார்டு வரும்போ லேசா தள்ளிக்குவேன். இல்லேன்னா டெனர்காரங்க மொறைப்பாங்கல்ல," என்றாள். அவள் ரே எந்தக் கார்டிலும் உன்னுடையது போல் சுத்தம் இல்லை. பாட்டு மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. இதை எங்கே போய்ச் சொல்வது?

இப்போது கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கடிதத்தை நான் அடுப்பில் போட்டுவிடுகிறேன். சபை மனம் திரும்பிவிட்டது. கியர் போய்விட்டது. ஆறு வருடம் நீ கேட்டது கைக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் கழற்றி எறிந்த பட்டத்தை நீயே எடுத்து மாட்டிக்கொள்ளாதே. நீ பீடத்தின் முன் போய் நின்றால், குருத்தோலை ஞாயிறு அன்று நான் சொன்னது என்ன ஆகும்? மறுபடியும் பொய்யனாகிவிடுவேன், அதுவும் கோவிலுக்குள்ளே.

நீயும் ரிஞ்சு மாதிரி லேசாகத் தள்ளிப் பாடேன். இருபத்திரண்டு பங்குதானே, அக்கா? அதில் என்ன போய்விட்டது?

ஏசு

*

வடகரப்பதி
ஏப்ரல் 29

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஏசுரத்தினத்துக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதலாவதை வாசித்தபோது நான் சிரிக்கவில்லை. சபை கைதட்டியது என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எதை வாங்க ஆறு வருடம் மல்லுக்கட்டினேனோ அது வந்து சேர்ந்திருக்கிறது, கையில் எடுத்தால் என்னுடையது இல்லை. அளந்து பார்த்த பிறகு அதை எப்படி வைத்துக்கொள்வேன்?

அடுப்பில் போட வேண்டாம். நான் வந்து சொல்லத்தான் போகிறேன். நீ பயப்படுகிற மாதிரிச் சொல்ல மாட்டேன். "அன்றைக்குப் பாட்டை இறக்கினது நான். தம்பி சொன்னது சரி, வயசாகுது என்று சொன்னது மட்டும் தப்பு. ஒரு சுரத்தைச் சுத்தமாகப் பிடித்தேன், விடவில்லை, அதனால் இறங்கியது" என்பேன். சபைக்குப் புரிந்தால் புரியட்டும், புரியாவிட்டால் அசனத்துக்கு நேரமாகிறது என்று எழுந்து போகட்டும். நீ பொய்யனாக மாட்டாய். இரண்டு தடவை பேசினாய், ஒரு தடவை சரியாக இருந்தது. உனக்கு அதுவே அதிகம்.

மாரீஸ்வரனிடம் கண்ணாடியை உடைக்க வேண்டாம் என்று சொல். மூணாறுக்கு ஜீப் கொண்டுவரட்டும். இறக்கம் வந்தால் என் பெயரைச் சொல்லியே கியரைப் போடட்டும். அந்தக் கியர் போட்டால் வண்டி உருளாது, ஒரு இடத்தில் பிடித்தால் பிடித்தபடி இறங்கும். யோசித்துப் பார்த்தால் நல்ல பெயர்தான் வைத்திருக்கிறான்.

இனி பாட்டு விஷயம். ரிஞ்சு மாதிரித் தள்ளிப் பாடு என்கிறாய். நாலு நாளாக ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து அதையும் முயன்று பார்த்தேன். முடியும். தொண்டை கேட்கிறது. ஆனால் தள்ளுகிற நேரத்தில் லாவோடு சேர்ந்திருந்த அந்தச் சேர்க்கை உடைந்து, ஒரு விம்மல் வருகிறது. என் காதுக்கு அது வேண்டாம். ரிஞ்சுவுக்கு அந்த விம்மல் கேட்பதில்லை. அவள் பாக்கியசாலி, அவளைத் திருத்தாதே. அவள் என் பக்கத்தில் நிற்கட்டும், இரண்டு ரே வேண்டிய இடத்தில் இரண்டு பேர் நின்றால் என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். வேண்டாம், நாய் குரைக்கும். அவளை அன்றைக்கு சோப்ரானோவுக்கு அனுப்பு. அடுத்த வருடம் முழுப் பாட்டும் அவளுடையது, நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன்.

இந்த வருடம் ஆல்டோவில் நான் நிற்கிறேன். மூன்றாம் வரியில் என் ரே அசையாது. ஐந்து சரணமும் அது பாட்டுக்கு இறங்கட்டும், யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம். பேஸ் ஆட்களிடம் சொல்லிவிடு, தடுமாறாமல் நேராக என்னிடம் வந்து சேரட்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஐந்தாம் சரணம் முடிந்து மூச்சு வாங்குகிற இடத்தில் அந்தப் பொத்தானை அமுக்கு. ஒரு தடவை. நூறு பங்கு இறங்கிக் கீபோர்டு எங்களிடம் வந்துவிடும். கணக்குப்படி நாங்கள் நூற்றேழில் நிற்போம். பாக்கி ஏழு பங்கு.

அந்த ஏழு பங்கை நான் ஏறி வருகிறேன். அதற்கு மேல் என்னிடம் கேட்காதே.

உன் அக்கா
சிசிலி